முதியோர் வீட்டுக்கு வரிச் சலுகை: அமெரிக்க மாநிலங்களின் அறுபதாண்டு அனுபவம்

அமெரிக்காவில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் சொத்து வரி கட்டியாக வேண்டும். வீட்டுக் கடன் முப்பது ஆண்டில் அடைந்துவிடும். இந்த வரி வீடு கைமாறும் நாள்வரை ஓயாது. வருமானம் குறைந்தால் வருமான வரி தானாகக் குறையும், செலவைச் சுருக்கினால் விற்பனை வரியும் சுருங்கும். சொத்து வரிக்கு வீட்டுக்காரரின் கையிருப்பு தெரியாது. வீட்டின் மதிப்பு மட்டுமே அதன் கணக்கு. ஓய்வுபெற்றவரின் மாத வரவு கூடாமலே இருக்க, அவர் குடியிருக்கும் தெருவில் வீட்டு விலை ஏறினால் அவருக்கு வரும் வரிச்சீட்டின் தொகை ஏறக்கூடும். இந்த நெருக்கடியிலிருந்து முதியவர்களைக் காக்க 1960களில் சில மாநிலங்கள் சட்டம் செய்யத் தொடங்கின. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஏதாவதொரு சலுகை இருக்கிறது. ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. எது முதியவரை உண்மையில் காக்கிறது, எது அவர் பெயரைச் சொல்லி வேறு யாருக்கோ போய்ச் சேருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரி எப்படி விதிக்கப்படுகிறது

அமெரிக்க மத்திய அரசு வீடுகளுக்குச் சொத்து வரி விதிப்பதில்லை. அது பெரும்பாலும் உள்ளூர் அமைப்புகளின் வரி. கவுன்ட்டி எனப்படும் வட்டார நிர்வாகம், நகராட்சி, பள்ளி மாவட்டம், சில இடங்களில் நூலகத்துக்கும் தீயணைப்புக்கும் தனியாக உள்ள சிறு மாவட்டங்கள் என்று பல அமைப்புகளின் பங்குகள் ஒரே சீட்டில் கூட்டப்பட்டு வருகின்றன. உள்ளூர் அமைப்புகள் வசூலிக்கும் வரிகளில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் இதுதான். பெரும்பாலான ஊர்களில் இதில் பெரிய பங்கு பொதுப் பள்ளிகளுக்குப் போகிறது. ஆகவே சொத்து வரியில் கைவைப்பது என்றால் பள்ளி நிதியில் கைவைப்பது என்று பொருள். முதியோர் சலுகை பற்றிய வாதம் எங்கே நடந்தாலும் அது கடைசியில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

வரிக் கணக்கில் இரண்டு படிகள் உண்டு. மதிப்பீட்டு அதிகாரி வீட்டின் மதிப்பைக் குறிக்கிறார். உள்ளூர் மன்றமும் பள்ளிக் குழுவும் வரி விகிதத்தை வைக்கின்றன. பல மாநிலங்களில் விகிதம் முன்கூட்டியே நிலையாக இருப்பதில்லை. அந்த ஆண்டுக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, ஊரிலுள்ள மொத்தச் சொத்து மதிப்பால் அதை வகுத்து விகிதம் காண்கிறார்கள். அத்தகைய ஊரில் எல்லா வீடுகளின் மதிப்பும் ஒரே அளவில் இரட்டித்தாலும், ஊரின் செலவு கூடாதவரை யாருடைய வரியும் கூடாது. ஒருவருடைய வீடு மற்றவற்றைவிட வேகமாக விலையேறினாலோ, ஊரின் செலவே கூடினாலோதான் அவர் வரி கூடும். இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஒருவருக்குக் குறைக்கும் தொகையை அதே ஊரிலுள்ள மற்றவர்கள் சுமக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சொத்து வரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இங்கே கட்டடத்தின் பரப்பு, இருப்பிடம் ஆகியவற்றை வைத்து அது தரக்கூடிய ஆண்டு வாடகை கணிக்கப்பட்டு அதன்மீது வரி விதிக்கப்படுகிறது. சீராய்வு அரிதாகவே நடந்துவந்தது. சென்னையில் 1998க்குப் பிறகு 2022இல்தான் பொதுச் சீராய்வு வந்தது. பரப்புக்கு ஏற்ப வரி 25 முதல் 150 விழுக்காடுவரை உயர்த்தப்பட்டபோது எழுந்த கலக்கம் நினைவிருக்கலாம். அமெரிக்காவின் பல கவுன்ட்டிகளில் மதிப்பீடு ஆண்டுதோறும், அல்லது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சந்தை விலையை ஒட்டித் திருத்தப்படுகிறது. அங்கே அந்தக் கலக்கம் அடிக்கடி வரும்.

முதுமையில் ஏன் கனக்கிறது

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களின் குடும்பங்களில் பத்துக்கு எட்டு சொந்த வீட்டில் வாழ்கின்றன. அவர்களில் பலருக்குப் பெரிய சொத்தும் வீடுதான், ஒரே சொத்தும் வீடுதான். சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் அரசு ஓய்வூதியம் 2025இல் சராசரியாக மாதம் ஏறத்தாழ 2,000 டாலர், அதாவது ஆண்டுக்கு 24,000 டாலர். நாட்டிலேயே சொத்து வரி மிக அதிகமான நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரி வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தொட்டுவிட்டது. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி அங்கே வாழும் ஒருவர், சலுகை எதுவும் இல்லையென்றால், வரவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த ஒரு வரிக்கே எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

ஓய்வூதியம் விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் சற்று உயர்த்தப்படுவது உண்மைதான். ஆனால் பொது விலைவாசியும் வீட்டு விலையும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்க வீட்டு விலைகள் ஏறக்குறைய 19 விழுக்காடு உயர்ந்தன. அதை அடுத்து 2022 தொடக்கத்தில் ஓய்வூதியம் 5.9 விழுக்காடு உயர்ந்தது.

இன்னும் இரண்டு காரணங்கள் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஒன்று, துணையின் இறப்பு. கணவனும் மனைவியும் தனித்தனியாக ஓய்வூதியம் பெற்றுவந்த வீட்டில் ஒருவர் இறந்தால், மற்றவருக்கு இரண்டில் பெரிய தொகை மட்டுமே தொடரும். சிறிய தொகை நின்றுவிடும். வரவு மூன்றில் ஒரு பங்கோ, சில வீடுகளில் பாதியோ குறைகிறது. வரிச்சீட்டு ஒரு டாலர்கூடக் குறையாமல் வருகிறது. தனித்து வாழும் மூதாட்டிகள் இதில் அதிகம் அகப்படுவது இதனால்தான். மற்றொன்று, கடன் அடைந்த வீடு. கடன் இருக்கும்வரை வங்கி மாதத் தவணையோடு சொத்து வரிக்கும் சேர்த்துப் பிடித்து, எஸ்க்ரோ என்ற கணக்கில் வைத்து, உரிய நாளில் தானே கட்டிவிடும். கடைசித் தவணை முடிந்ததும் அந்த ஏற்பாடும் முடிகிறது. அதுவரை வரிச்சீட்டைக் கண்ணால் பார்த்தே இராதவருக்கு, எழுபது வயதில் சில ஆயிரம் டாலரை மொத்தமாகக் கட்டும் பொறுப்பு வந்து சேர்கிறது. நினைவு மங்கும் பருவம் அது. வரி தவறிப்போக வறுமைதான் வேண்டும் என்பதில்லை.

விலக்கும் உறைவும்

சலுகைகளில் மிக எளியது விலக்கு. வீட்டு மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் வரி விதிப்பது. குடியிருக்கும் சொந்த வீட்டுக்குப் பொதுவாக உள்ள இந்தக் கழிவை ஹோம்ஸ்டெட் விலக்கு என்கிறார்கள். முதியவர்களுக்கு அதன்மேல் கூடுதல் கழிவு தரப்படுகிறது.

டெக்சாஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே மாநில வருமான வரி கிடையாது. அதனால் சொத்து வரி கனமானது. பள்ளி வரிக்கான பொது விலக்கு 2023இல் 40,000 டாலரிலிருந்து 100,000 டாலராக உயர்ந்தது. 2025 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அது 140,000 டாலராயிற்று. அதே வாக்கெடுப்பில் 65 வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ள கூடுதல் விலக்கை 10,000 டாலரிலிருந்து 60,000 டாலராக்கவும் மக்கள் ஒப்புதல் தந்தனர். இரண்டும் சேர்ந்து 200,000 டாலர். நான்கு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டில் வாழும் முதியவருக்குப் பள்ளி வரி பாதி மதிப்பின்மீது மட்டுமே விழும். இரண்டு லட்சத்துக்கு உட்பட்ட வீடு என்றால் பள்ளி வரியே இல்லை.

விலக்கோடு டெக்சாஸ் நிற்கவில்லை. 1978இல் அரசியலமைப்பைத் திருத்தி, முதியவர் கட்டும் பள்ளி வரிக்கு உச்சவரம்பும் வைத்தது. 65 வயது நிறைந்து சலுகை பெறும் ஆண்டில் அந்த வீட்டுக்கு எவ்வளவு பள்ளி வரியோ, அதற்குமேல் பின்னாளில் ஏறக்கூடாது. வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினால் மட்டும் அந்தப் பகுதிக்குக் கூடும். வீட்டுக்காரர் இறந்தால், 55 வயதைக் கடந்த துணைக்கு அதே வரம்பு தொடரும். வேறு வீட்டுக்கு மாறினாலும் கிடைத்துவந்த அனுகூலத்தின் விகிதத்தைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துணையை இழந்தவரைச் சட்டம் மறக்கவில்லை என்பது இதில் பாராட்ட வேண்டிய அம்சம்.

நியூ ஜெர்சி வேறு வழியில் போகிறது. அங்குள்ள ‘சீனியர் ஃப்ரீஸ்’ (முதியோர் வரி உறைவு) திட்டத்தில் முதியவர் முழு வரியையும் முதலில் கட்டிவிட வேண்டும். அவருக்கென்று குறித்த அடிப்படை ஆண்டின் வரியைவிட எவ்வளவு கூடுதலாகக் கட்டினாரோ அதை மாநிலம் திருப்பித் தருகிறது. உள்ளூர்ப் பள்ளியின் வரவு குறைவதில்லை, அண்டை வீட்டார் மேல் சுமை ஏறுவதில்லை. மாநிலக் கருவூலம் அதை ஏற்கிறது. வருமான வரம்பும் உண்டு. ஆனால் கையில் பணமில்லாதவர் முதலில் எப்படிக் கட்டுவார் என்ற கேள்விக்கு இந்தத் திட்டத்தில் விடை இல்லை. 2023இல் இதே மாநிலம் ‘ஸ்டே என்ஜே’ என்ற சட்டத்தை இயற்றியது. 65 வயதைக் கடந்த, ஆண்டு வருமானம் 500,000 டாலருக்கு உட்பட்ட வீட்டுக்காரர்களின் வரியில் பாதியை, 6,500 டாலர்வரை, அரசே ஏற்கும் என்றது அச்சட்டம். ஐந்து லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் மாநிலத்தின் முதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு நான்கு லட்சம் டாலர் ஈட்டும் முதியவருக்கு அரசு பாதி வரியைக் கட்டித் தர, அதே தெருவில் எண்பதாயிரத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் இளம் குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தில் எதுவுமில்லை. வயது மட்டுமே தகுதி என்று வைத்தால் நேரும் பிழை இது.

கலிஃபோர்னியாவின் பதின்மூன்றாவது முன்மொழிவு

முதியோரின் வரித்துயர் ஒரு மாநிலத்தின் நிதி அமைப்பையே புரட்டிப்போட்ட இடம் கலிஃபோர்னியா. 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் மதிப்பீட்டு அதிகாரி லஞ்சம் வாங்கிக்கொண்டு வணிகச் சொத்துகளின் மதிப்பைக் குறைத்துக் காட்டியது அம்பலமானது. அதைச் சரிசெய்ய 1966இல் மாநிலம் சட்டம் இயற்றி, எல்லாச் சொத்துகளும் சந்தை மதிப்பின் ஒரே விகிதத்தில் மதிப்பிடப்பட வேண்டும் என்றது. ஊழலை ஒழிக்க வந்த அந்தச் சட்டம், அதுவரை அதிகாரிகள் வாக்காளர்களாகிய வீட்டுக்காரர்களுக்குக் காட்டிவந்த சலுகையையும் சேர்த்து ஒழித்துவிட்டது. 1970களில் வீட்டு விலைகள் பறந்தன. மதிப்பீடு கூடவே ஏறியது. ஓய்வுபெற்றவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க நேரும் என்ற அச்சம் மாநிலம் முழுக்கப் பரவியது. அதே வேளையில் மாநில அரசின் கருவூலத்தில் பல நூறு கோடி டாலர் உபரியாகக் கிடந்தது. சட்டமன்றம் அதிலிருந்து உரிய நேரத்தில் உதவி செய்யவில்லை.

ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் கையெழுத்து திரட்டி, 1978 ஜூன் 6 அன்று பதின்மூன்றாவது முன்மொழிவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தனர். சொத்து வரி மதிப்பில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப வேண்டும். பிறகு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது. வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டப்பட்டாலோ மட்டுமே அன்றைய விலைக்கு மறுமதிப்பீடு. ஒரே நாளில் மாநிலத்தின் சொத்து வரி வருவாய் பாதிக்கும் கீழே இறங்கியது.

முதியவர்களுக்கு இது பெரும் நிம்மதி தந்தது என்பதில் ஐயமில்லை. வீட்டு விலை என்ன ஆனாலும் அடுத்த ஆண்டு எவ்வளவு கட்ட வேண்டும் என்று அவர்கள் இன்றே சொல்லிவிடலாம். ஆனால் அந்த முன்மொழிவு முதியவரையும் இளைஞரையும், ஏழையையும் செல்வரையும், வீட்டையும் வணிக வளாகத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. எவர் முன்பே வாங்கினாரோ அவருக்கு லாபம். இதை எதிர்த்து லாஸ் ஏஞ்சலிஸில் 1988இல் வீடு வாங்கிய ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் வழக்குத் தொடுத்தார். அவர் கட்ட வேண்டியிருந்த வரி ஏறத்தாழ 1,700 டாலர். அடுத்த தெருவில் அதே அளவுள்ள ஒரு வீட்டுக்கு, 1975ஆம் ஆண்டு மதிப்பின்படி, வரி 358 டாலர் மட்டுமே. உச்ச நீதிமன்றம் 1992இல், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது.

வாங்கிய காலத்தோடு வரியைக் கட்டிவைத்ததால் முதியவர்களுக்கே ஒரு தொல்லையும் உண்டாயிற்று. பிள்ளைகள் போன பின் பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாற நினைத்தால், சிறிய வீட்டுக்குப் பழைய வீட்டைவிடப் பல மடங்கு வரி வரும். மாடிப்படி ஏற முடியாதவர்கள்கூட வரிக்கு அஞ்சி அதே வீட்டில் தங்கினார்கள். 1986லும் 1988லும் வந்த திருத்தங்கள், 55 வயதைக் கடந்தவர்கள் பழைய மதிப்பைப் புதிய வீட்டுக்கு ஒருமுறை எடுத்துச் செல்ல வழிசெய்தன. வேறு கவுன்ட்டிக்கு மாறுவதாயின் அந்தக் கவுன்ட்டி ஒப்ப வேண்டும். 2020 நவம்பரில் நிறைவேறி 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள பத்தொன்பதாவது முன்மொழிவு, மாநிலத்தின் எந்தக் கவுன்ட்டிக்கும் மூன்று முறைவரை அப்படி மாறலாம் என்று தளர்த்தியது. பதிலுக்கு, பெற்றோரின் குறைந்த மதிப்பை அந்த வீட்டில் குடியிராத பிள்ளைகள் அனுபவிக்கும் வழியை அடைத்தது. நாற்பதாண்டுகளுக்குப் பிறகேனும் இந்தச் சலுகை குடியிருக்கும் முதியவரை நோக்கித் திரும்பியது நல்ல மாற்றம்.

வருமானத்தைப் பார்க்கும் சலுகை

வயதோடு வருமானத்தையும் கணக்கில் எடுக்கும் முறையை 1964இல் விஸ்கான்சின் மாநிலம் முதலில் கொண்டுவந்தது. அதற்கு சர்க்யூட் பிரேக்கர் என்று பெயர் வந்தது. மின்சாரம் அளவுக்கு மீறினால் இணைப்பைத் துண்டித்து வீட்டைக் காக்கும் கருவியைப் போல, வருமானத்தில் இத்தனை விழுக்காட்டைச் சொத்து வரி தாண்டினால் அரசு குறுக்கிட்டு மிகுதியைத் தாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் வருமான வரிக் கணக்கின் வழியே பணம் திரும்பக் கிடைக்கிறது. வருமான வரியே கட்டாத ஏழை முதியவரும் கணக்குத் தாக்கல் செய்தால் தொகையைப் பெறலாம்.

மாசசூசெட்ஸின் திட்டம் இந்த வகையில் நன்றாக அமைந்தது. 65 வயதானவரின் சொத்து வரி அவர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு ஒரு வரம்புவரை ஈடு கிடைக்கும். 2023இல் இயற்றிய சட்டம் இந்த வரம்பை இரட்டிப்பாக்கியது. வீட்டு மதிப்புக்கும் ஓர் உச்சவரம்பு இருப்பதால் மாளிகைவாசிகளுக்கு இது போகாது. வாடகைக்கு இருக்கும் முதியவர்களும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் தரும் வாடகையில் கால் பங்கு சொத்து வரியாகக் கொள்ளப்படுகிறது. வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகையில் ஏறித்தான் வருகிறது என்ற உண்மையை ஒப்புக்கொண்ட சட்டம் இது. விலக்கு, உறைவு, உச்சவரம்பு ஆகிய எல்லாமே சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் உதவுபவை. முதியவர்களிலேயே வறியவர்களான வாடகைக்காரர்களை அவை பார்ப்பதே இல்லை. இருக்கும் முறைகளில் நியாயத்துக்கு மிக அருகில் வருவது சர்க்யூட் பிரேக்கர்தான்.

அதே மாநிலத்தில் வேறொரு ஏற்பாடும் உண்டு. 60 வயதைக் கடந்தவர் ஊராட்சி அலுவலகத்திலோ நூலகத்திலோ பள்ளியிலோ சில மணி நேரம் பணி செய்து, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 2,000 டாலர்வரை வரியைக் கழித்துக்கொள்ளலாம். இயலாதவர்க்கு இது உதவாது. உடல் இடங்கொடுப்பவர்க்கு வரிக் கழிவோடு நாலு பேரைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

ஒத்திவைப்பு

வீட்டின் மதிப்பு பெரிது, கையில் பணம் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால், வரியைத் தள்ளுபடி செய்யத் தேவையில்லை, தள்ளிவைத்தால் போதும். 1963இலேயே ஆரிகன் மாநிலம் இதைக் கண்டுகொண்டது. முதியவரின் வரியை மாநிலம் கவுன்ட்டிக்குக் கட்டிவிடும். அந்தத் தொகை சிறு வட்டியோடு வீட்டின் மேல் கடனாக நிற்கும். வீடு விற்கும்போதோ அவர் காலத்துக்குப் பின்னோ அது அடைபடும். அதில் குடியிருக்கும்வரை ஒத்திவைத்த வரிக்காக அவரை யாரும் வெளியேற்ற முடியாது. பள்ளிக்கும் பணம் வந்துவிடுகிறது. அண்டை வீட்டார் மேல் எதுவும் ஏறுவதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1974 முதல் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. 55 வயதிலேயே சேரலாம். டெக்சாஸில் 65 வயதானவர் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் வரி வசூல் நடவடிக்கை நின்றுவிடும்; ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி சேரும்.

இவ்வளவு பொருத்தமான ஏற்பாட்டை நாடிவருபவர்கள் மிகக் குறைவு. அறுபது வயதுவரை பாடுபட்டு வீட்டின் மேலிருந்த கடனைத் தீர்த்தவர்கள் மறுபடியும் அதன்மேல் கடன் ஏற்ற மனம் ஒப்புவதில்லை. பிள்ளைகளுக்கு வில்லங்கமில்லாத வீட்டை விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணம் எந்த நாட்டுப் பெற்றோருக்கும் பொதுவானது. அதற்காக மருந்தைக் குறைத்து, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதைக் குறைத்து வரி கட்டுகிறார்கள். பிள்ளைகளே முன்வந்து ஒத்திவைப்பைக் கேட்கச் சொன்னால் அந்தத் தயக்கம் தீரும்.

அரசுகளும் இதை உறுதியாக நடத்தவில்லை. கலிஃபோர்னியாவின் ஒத்திவைப்புத் திட்டம் 2009இல் நிதி நெருக்கடியில் நிறுத்தப்பட்டு 2016இல்தான் மீண்டும் தொடங்கியது. 2008 வீட்டுச் சந்தைச் சரிவுக்குப் பின் ஆரிகனில் திரும்பி வரவேண்டிய பணம் வராமல் போக, 2011இல் விதிகள் இறுக்கப்பட்டன. வீட்டை ஈடாக வைத்து மாதாமாதம் பணம் பெறும் தலைகீழ் அடமானம் எடுத்திருந்த முதியவர்கள் பலர் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டனர். நெருக்கடிக் காலத்தில்தான் இந்த உதவி அதிகம் தேவை. அப்போதுதான் அது கைவிட்டது.

குறைவதை யார் கட்டுவது

நூறு வீடுகள் உள்ள ஓர் ஊருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தேவை. எல்லா வீடும் ஒரே மதிப்பு என்று கொள்வோம். வீட்டுக்குப் பத்தாயிரம் டாலர் வரி. அதில் நாற்பது வீடுகள் முதியவர்களுடையவை. அவர்கள் மற்றவர்கள் கட்டுவதில் பாதி கட்டினால் போதும் என்று சட்டம் வருகிறது. ஊரின் செலவு குறையவில்லை. இனி முதியவர்கள் 6,250 டாலரும் மற்ற அறுபது வீட்டார் 12,500 டாலரும் கட்டுவார்கள். முதியவர்கள் மிகுந்த ஊரில் சலுகையின் பயனும் சிறிது, மற்றவர்மேல் விழும் சுமையும் பெரிது. மாநில அரசு ஈடு கட்டினால் இது நேராது. ஆனால் மாநில ஈடும் நிலையற்றதுதான். கொலராடோவில் 2000இல் மக்கள் வாக்களித்து, பத்தாண்டு குடியிருந்த முதியவரின் வீட்டு மதிப்பில் முதல் 200,000 டாலரில் பாதிக்கு விலக்குத் தந்தார்கள். கவுன்ட்டிகளுக்கு மாநிலம் ஈடு கட்டும் என்பது ஏற்பாடு. பணமில்லை என்று 2003 முதல் 2005 வரையும் 2009 முதல் 2011 வரையும் மாநிலம் அதை நிறுத்திவைத்தது.

பள்ளியில் பிள்ளை இல்லாதவர் பள்ளி வரி ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி முதியோர் குடியிருப்புகளில் அடிக்கடி எழுகிறது. அரிசோனாவில் 1960இல் டெல் வெப் நிறுவனம் திறந்த சன் சிட்டியில் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே குடியேறினர். அவர்கள் பள்ளிக் கட்டடங்களுக்கான கடன் பத்திர வாக்கெடுப்புகளைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார்கள். வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. கடைசியில் 1974இல் சன் சிட்டி அந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்தே பிரிக்கப்பட்டது. தம் பிள்ளைகள் படித்தபோது ஊர் கட்டியதை மறந்த வாதம் அது. இயலாத முதியவரைக் காப்பது ஊரின் கடமை; வயதை மட்டும் காட்டிப் பள்ளியின் பங்கிலிருந்து விலகிக்கொள்வதை அந்தக் கடமையோடு சேர்க்க முடியாது.

சலுகை சேராத இடம்

சட்டத்தில் சலுகை இருந்தும் அது கிடைக்காமல் வீடிழந்தவர்கள் உண்டு. அதற்கு முதற்காரணம், பெரும்பாலான இடங்களில் கேட்டால்தான் கிடைக்கும் என்பது. வயது நிறைந்தவுடன் தானாக வருவதில்லை. விண்ணப்பிக்க வேண்டும், வயதுக்கும் வருமானத்துக்கும் சான்று காட்ட வேண்டும், சில இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கணவர் கவனித்துவந்த தாள்களை அவருக்குப் பின் மனைவி கையாளத் தெரியாமல் விடுவது எங்கும் நடக்கிறது. டெக்சாஸில் ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்திலேயே பிறந்த தேதி பதிவாகியிருந்தால் 65ஆம் வயதில் மறுபடி விண்ணப்பிக்கத் தேவையில்லை. இந்தச் சிறு விதியை எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொள்ளலாம். பிறந்த தேதி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது.

தவறவிட்ட வரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மினியாபொலிஸ் நகரத்து ஜெரால்டின் டைலரின் வழக்கு நாட்டுக்குக் காட்டியது. 1999இல் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கி அதில் தனியாக வாழ்ந்துவந்த அவர், 2010இல் முதியோர் குடியிருப்புக்கு மாறினார். பழைய வீட்டுக்கு வரி கட்டுவது நின்றுபோயிற்று. 2015க்குள் நிலுவை வரி 2,300 டாலர். அபராதமும் வட்டியும் செலவும் சேர்ந்து 15,000 டாலர். ஹென்னபின் கவுன்ட்டி வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்று, தனக்கு வரவேண்டியது போக மிஞ்சிய 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. மினசோட்டாவிலும் வேறு சில மாநிலங்களிலும் அன்றைய சட்டம் அதற்கு இடங்கொடுத்தது. நிலுவைக்காக வீட்டை விற்றதை டைலர் எதிர்க்கவில்லை. மிச்சத்தை மட்டுமே கேட்டார். 2023 மே 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் நின்றார்கள். நிலுவைக்கு மேல் எடுத்த பணம் ஈடு கொடுக்காமல் பறித்த சொத்து என்பது தீர்ப்பின் சாரம். அப்போது அவருக்கு வயது 94. அதன்பின் பல மாநிலங்கள் தங்கள் சட்டங்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

அங்கே மூப்படையும் தமிழர்

1960களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன மருத்துவர்களும் பொறியாளர்களும் இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டிருக்கிறார்கள். நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்களில் தமிழர் நிறைய வாழ்கிறார்கள். மேலே கண்ட சட்டங்கள் அவர்களுக்கு நேராகப் பொருந்துபவை. நம் குடும்ப வழக்கம் ஒன்று அங்கே இடறலாம். உயிரோடிருக்கும்போதே வீட்டை மகன் பெயருக்கோ மகள் பெயருக்கோ எழுதிவைப்பது இங்கே இயல்பு. அங்கே முதியோர் சலுகை வீட்டின் உரிமையாளராக இருந்து அதில் குடியிருப்பவருக்கே உரியது. முழு உரிமையையும் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அதே அறையில் அதே கட்டிலில் பெற்றோர் படுத்திருந்தாலும் சலுகை போய்விடும். வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு எழுதினால் பல மாநிலங்களில் அது தொடரும். பத்திரம் எழுதுமுன் உள்ளூர் வழக்கறிஞரைக் கேட்பது அவசியம். பிள்ளையின் வீட்டில் வந்து தங்கும் பெற்றோரின் வயதை வைத்து அந்த வீட்டுக்கு முதியோர் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவில் பெற்றோர், அண்ணன், அக்கா, சித்தப்பா என்று யாரேனும் அறுபத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தால், அவர்கள் கவுன்ட்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் முதியோர் விலக்குக்கும் உச்சவரம்புக்கும் விண்ணப்பித்துவிட்டார்களா என்று கேளுங்கள். வீட்டுக் கடன் முடிந்திருந்தால் வரிச்சீட்டு யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு வருகிறது என்பதையும் கேளுங்கள். அவர்களில் ஒருவர் அண்மையில் துணையை இழந்திருந்தால் காத்திராமல் இந்த மாதமே கேளுங்கள்.